வசிய மையும் ஒரு சைக்கிள் மணியும்

போன ஆண்டு தீபாவளி முடிந்த மறு வாரம். சனிக்கிழமை காலை ஒருவர் என் வீட்டு கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தவர். பீடோர் கடைத்தெருவில் நான் புத்தகக் கடை வைத்திருந்த காலத்தில் ஞாயிறு பேப்பருக்குத் தவறாமல் வருவார்.

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

"இல்லண்ணே, இங்கேயே பேசிடுறேன்" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு மனிதர் கேட்டுக்கு வெளியே நின்று பேசுகிறேன் என்றால் கடன் விஷயம், இல்லையென்றால் பெண்பிள்ளை விஷயம். எனக்குக் கடன் இல்லை.

அவருடைய மகள் கடைத்தெருவில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். என் வீட்டில் தங்கியிருக்கும் என் அக்கா மகன் ஒரு மாதமாகத் தினமும் அங்கே போகிறானாம். வாங்குவது ஒரு பனடோல் அட்டை, இல்லையென்றால் ஒரு மிட்டாய். நின்று பேசுகிறானாம். ஒரு நாள் அவள் முடி அலங்காரத்தைப் பற்றிக் கிண்டலாக ஏதோ சொல்லியிருக்கிறான். மறுநாள் பூங்கொத்து. அதற்கு மறுநாள், எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டிருக்கிறான். அவள் பகல் வேலையை விட்டுவிட்டு இரவு வேலைக்கு மாறியிருக்கிறாள். இவன் இரவிலும் போயிருக்கிறான்.

"போலீஸ்ல ரிப்போர்ட் செய்வோம்னு அவ அம்மா நிக்குது. நான்தான் உங்க முகத்துக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. "நான் பாத்துக்கிறேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 27. தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தெலுக் இந்தானிலிருந்து தினமும் போய் வருவது கஷ்டம் என்று இரண்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறான். குடிப்பதில்லை. மாதா மாதம் என்னைத் தாப்பா மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவன்தான். திருமண வீடுகளில் பெண்கள் பக்கம் போக வேண்டியிருந்தால் சுவரோரமாக நடப்பான். அப்படிப்பட்டவன் ஒரு பெண்ணை வேலை நேரம் மாற்ற வைத்திருக்கிறான் என்றால் முதலில் நம்ப முடியவில்லை.

சாயங்காலம் கேட்டேன். மறைக்கவில்லை. கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினான். யாரோ ஓர் ஆள் வீடியோவில் பாடம் எடுக்கிறார். எட்டுப் பாடம், 399 வெள்ளி. பெண்ணிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எப்படி அவளைச் சற்றே தட்டிப் பேசி மதிப்பைக் குறைப்பது, அவள் 'வேண்டாம்' என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது. அதோடு ஒரு புத்தகமும் கொண்டுவந்து வைத்தான். கறுப்புத் தோல் அட்டை, பக்கக் குறிக்குச் சிவப்பு நாடா. பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். பார்த்ததும், இவன் எப்போது பைபிள் படிக்க ஆரம்பித்தான் என்று நினைத்தேன்.

அது பைபிள் இல்லை. நீல் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2005-ல் எழுதிய 'தி கேம்'. வேத புத்தகம் மாதிரி அட்டை போட்டது வேண்டுமென்றே செய்ததுதான்.

என் ஆங்கிலம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, புகுமுக வகுப்பில் தட்டுத்தடுமாறி, ஐந்தாம் படிவத்தில் நின்றுபோன ஆங்கிலம். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். என் பிள்ளை ஒருவனைக் கெடுத்தது எது என்று தெரிய வேண்டாமா?

படித்தபின் சொல்கிறேன், சுவாரசியமான புத்தகம். நியூயார்க் டைம்ஸ், ரோலிங் ஸ்டோன் போன்றவற்றில் எழுதியவர், பெண்களிடம் பேசத் தெரியாத, தலைமுடி கொட்டிய மனிதர். பெண்களை மயக்கும் கலையைக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் ஒரு கூட்டத்துக்குள் போகிறார். அங்கே 'மிஸ்ட்ரி' என்ற பட்டப்பெயர் கொண்ட, மேடையில் மாயவித்தை காட்டும் ஒருவர் குரு. பெரிய தொப்பி, பளபளக்கும் உடை. மயில் தோகை விரிப்பது போல ஆண் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பாடம். அழகான பெண்ணைப் புகழாதே, லேசாகக் குத்திப் பேசு, அப்போதுதான் உன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்பது இன்னொரு பாடம். பார்மசிப் பெண்ணின் முடியைக் கிண்டல் செய்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் புரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மதுக்கூடங்களுக்காக எழுதியது, பீடோரில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

கூட்டத்துக்கென்று தனி மொழியே இருக்கிறது. பெண்ணுக்குப் பெயர் 'இலக்கு'. அவளோடு வந்த தோழி 'தடை'. கடைத்தெருவும் விருந்தும் 'களம்'. வேட்டைக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் பேசுகிற பேச்சு. ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகிறவன் எதற்கு இந்தச் சொற்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தை முழுசாகப் படித்தால் அது வேறு கதை சொல்கிறது. மயக்கும் கலைஞர்கள் எல்லோரும் ஒரே பெரிய வீட்டில் குடியேறி, சண்டை போட்டு, ஒருவரையொருவர் ஏமாற்றி, குரு மனம் உடைந்து அழுது, வீடே சிதறிப் போகிறது. கடைசியில் ஸ்ட்ராஸுக்கு ஒரு பெண்மேல் உண்மையாகவே மனம் போகிறது. அவளிடம் இந்த வித்தைகள் எதுவும் எடுபடவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2015-ல், 'தி ட்ரூத்' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். தன் துணைக்குத் துரோகம் செய்துவிட்டு, பாலியல் அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போன கதை அது. என் மருமகன் முதல் நூறு பக்கத்தோடு நிறுத்தியிருந்தான். சிவப்பு நாடா அங்கேதான் இருந்தது.

இது 2005-ல் தொடங்கியதும் இல்லை. எரிக் வெபர் என்பவர் 1970-லேயே பெண்களை எப்படிப் பிடிப்பது என்று ஒரு புத்தகம் போட்டார். அவர் தொழில் விளம்பர வாசகம் எழுதுவது. ஆண்கள் படிக்கும் இதழ்களில் விளம்பரம் கொடுத்து அஞ்சலிலேயே விற்றார்கள். அவர் தொழிலைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நம் நாட்டில் நேரடி விற்பனையில் சேராத தமிழ்க் குடும்பம் குறைவு. தண்ணீர் வடிகட்டி, சட்டி, சத்துமாவு என்று ஏதோ ஒன்றை விற்க ஹோட்டல் மண்டபத்தில் பயிற்சி கொடுப்பார்கள். வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்றால் அது முடிவில்லை, அவருக்கு இன்னும் விளக்கம் வேண்டும் என்று அர்த்தம் என்பார்கள். அதே பாடம்தான் இது. வடிகட்டி வேண்டாம் என்று நான் நாலு முறை சொன்னால் அந்தப் பையன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். இவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை.

பெண்களுக்கும் புத்தகம் உண்டு. 1995-ல் எல்லன் ஃபைன், ஷெர்ரி ஷ்னைடர் என்ற இருவர் 'தி ரூல்ஸ்' எழுதினார்கள். நீயாக ஃபோன் செய்யாதே, சனிக்கிழமை சந்திப்புக்கு அவன் புதன்கிழமைக்குப் பிறகு கூப்பிட்டால் ஒப்புக்கொள்ளாதே என்று சட்டம் போட்டார்கள். 2001-ல் கல்யாண வாழ்க்கைக்கான சட்டங்களை எழுதிப் புத்தகம் வெளிவந்த நேரத்தில் எல்லன் ஃபைனின் விவாகரத்துச் செய்தியும் வந்தது. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கல்யாணம் முறிவது யாருக்கும் வரக்கூடியது. ஆனால் சட்டப் புத்தகம் விற்கிறவர் கொஞ்சம் அடக்கமாக விற்றிருக்கலாம்.

நான் மட்டும் என்ன? நானும் இதே சரக்கை விற்றவன்தான்.

1988-லிருந்து 2014 வரை கடை நடத்தினேன். பேப்பர், வார மாத இதழ்கள், பள்ளிப் புத்தகம், சாமி படம், காலண்டர். மேல்தட்டில் சென்னையிலிருந்து வரும் மலிவு விலைப் புத்தகங்கள். தமிழ்வாணன் போட்ட பாதையில் வந்த 'எப்படி' புத்தகங்கள் ஒரு வரிசை: கோழி வளர்ப்பது எப்படி, கடிதம் எழுதுவது எப்படி, பேச்சாளர் ஆவது எப்படி. அவற்றுக்குப் பக்கத்தில் காதல் கடிதம் எழுதக் கற்றுத் தரும் மெல்லிய புத்தகங்கள் நாலைந்து. அதற்கும் ஓரமாக, கயிறு கட்டி, வசிய மந்திரப் புத்தகங்கள்.

காதல் கடிதப் புத்தகம் வாங்க வருகிற பையனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் ஒரு ராசிபலன் எடுப்பான். அப்புறம் ஒரு சினிமா இதழ். காசு கொடுக்கிற நேரத்தில் பார்வை மேல்தட்டுக்குப் போகும். நான் ஒன்றும் கேட்காமல் எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்து பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். திரும்பி வந்து 'நல்லா வேலை செஞ்சிச்சு அங்கிள்' என்று சொன்னவன் எனக்குத் தெரிந்து ஒருவனும் இல்லை. ஆனால் புத்தகம் தீர்ந்துகொண்டே இருந்தது. வியாபாரியாக எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வசியப் புத்தகம் வாங்கியவர்கள் வயதானவர்கள், கல்யாணமானவர்கள். கைவிட்டுப் போன மனைவியைத் திரும்ப வரவழைக்க, முதலாளியின் மனத்தை இளக்க. தோட்டத்தில் இருந்தபோது இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மை வைத்துப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவர் பலிக்கவில்லை என்றால் கம்பத்துப் பக்கம் ஒரு போமோவிடம் போவார்கள். சின்னக் குப்பியில் எண்ணெய் கொடுப்பார். அதைப் பெண்ணின் உடையில் ஒரு துளி பட வைத்தால் போதும் என்பார். கொடுக்கும் காசு அதிகமாக அதிகமாக எண்ணெயின் வீரியமும் கூடும். பலிக்காவிட்டால் குறை எண்ணெயில் இல்லை, வாங்கியவன் விரதம் சரியாக இருக்கவில்லை. 399 வெள்ளி வீடியோவிலும் அதேதான் சொல்கிறார்: பலிக்கவில்லையா, நீ போதுமான தடவை முயற்சி செய்யவில்லை.

இது என் கற்பனை ஒப்பீடு இல்லை. இந்தக் கூட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர் ராஸ் ஜெஃப்ரிஸ். 1990-களில் அவர் விற்றது, பேச்சுக்குள்ளே ஹிப்னாட்டிச வாசகங்களை நுழைத்துப் பெண்ணின் மனத்தை மாற்றும் வித்தை. தமிழில் அதற்கு ஒரே சொல்தான், வசியம். குப்பி மட்டும் இல்லை. நம் பக்கத்திலும் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் இரண்டும் உண்டு. மூன்றாம் பகுதியில், புதுப்பெண்ணின் நம்பிக்கையை மெல்ல மெல்லத்தான் பெற வேண்டும், பலவந்தம் செய்தால் வெறுப்புத்தான் மிஞ்சும் என்று புத்தியாக எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதிக்கு வந்தால் பூசும் களிம்பும் கண்ணுக்கு மையும். அந்த மனிதருக்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை போலும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், என் தலைமுறைக்குப் பாடம் எடுத்தது புத்தகமும் இல்லை, போமோவும் இல்லை. சினிமா. திருவிழாவுக்குத் திருவிழா தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். கதாநாயகி முறைப்பாள், ஓடுவாள், திட்டுவாள். நாயகன் பாடிக்கொண்டே பின்னால் போவான். பாட்டு முடியும்போது அவள் சிரித்துவிடுவாள். எத்தனை படம் பார்த்தாலும் அவள் சிரிக்காமல் முடிந்த பாட்டு எங்களுக்குக் காட்டப்படவில்லை. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. 2016 ஜூன் 24 அன்று சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணைப் பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் தமிழ்ப் படங்களைப் பற்றி அப்போது ஒரு பெரிய விவாதம் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'ரெமோ' வந்தது. ஏற்கனவே நிச்சயமான ஒரு பெண்ணின் மனத்தை மாற்ற நாயகன் நர்ஸ் வேஷம் போட்டு ஏமாற்றுகிற கதை. நன்றாக ஓடியது. நானும் பார்த்தேன், சிரித்தேன்.

சங்க காலத்தில் மடல் ஏறுதல் என்று ஒன்று உண்டு. பனங்கருக்கில் குதிரை செய்து அதன்மேல் ஏறி, இன்னாளுக்காகத்தான் இந்த நிலை என்று ஊர் அறியத் தெருவில் வருவான். ஊர் பேசும், அவமானத்துக்குப் பயந்து பெண் வீட்டார் இறங்கி வருவார்கள். பெரும்பாலும் ஏறுவேன் என்று மிரட்டுவதோடு சரி. பெண்கள் மடல் ஏறுவதில்லை என்பதைத் தொல்காப்பியமும் சொல்கிறது, குறளும் சொல்கிறது. பள்ளியில் வாத்தியார் இதைக் காதலின் உச்சம் என்று கண் பனிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஊர்த் தெருவில் பெயர் அடிபட்ட பெண் அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன பாடுபட்டாள் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாடிய புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு அலர் என்று பெயர் வைத்து, அதற்கு அந்தப் பெண் அஞ்சுவதை எத்தனையோ பாட்டில் பாடியிருக்கிறார்கள்.

நான் மடல் ஏறியது 1979-ல், வானொலியில்.

பீடோருக்கு வெளியே ஒரு தோட்டம். அப்பா பால்வெட்டு. எனக்கு 17 வயது, ஐந்தாம் படிவம். அவள் அடுத்த டிவிஷனில் இருந்தாள், மூன்றாம் படிவம். பெரிய ரோட்டில் பஸ் பிடிக்க, செம்மண் சாலையில் அரை மைல் நடந்து வருவாள். நான் சைக்கிளில் பின்னாலேயே வருவேன். முந்திப் போக மாட்டேன். ஆறேழு கெஜம் விட்டு, மெதுவாக, மணியை மட்டும் இரண்டு தடவை அடிப்பேன். அவள் திரும்ப மாட்டாள். அதை நாணம் என்று எடுத்துக்கொண்டேன். சில நாள் வேகமாக நடப்பாள். அதையும் நாணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஏழு மாதம் இப்படி. ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு விரல் பட்டதில்லை. நான் ஒழுக்கமான பையன் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தக் காலத்தில் மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில் விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிப் போடுவோம். இன்றைய மின்னல் எஃப்.எம். நேயர்களுக்குக் கைப்பேசி இருக்கிறது, எங்களுக்கு அட்டைதான். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை, தோட்டத்தின் பெயரோடு, அறிவிப்பாளர் வரிசையாகப் படிப்பார். நான் ஓர் அட்டையில் என் பெயரையும் அதற்குப் பக்கத்திலேயே அவள் பெயரையும் எழுதிப் போட்டேன், இருவரும் சேர்ந்து கேட்டது போல. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் அது வந்தது. லயத்தில் எல்லா வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு காற்றில் வந்தபோது நான் குளியல் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் சாலையில் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சித்தியவானில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். காதலைப் பிரித்த அப்பா என்று அந்த மனிதரை மனத்துக்குள் வில்லன் ஆக்கிவிட்டு, நான் சோகப் பாட்டாகக் கேட்டுத் திரிந்தேன். பின்னாளில் கடையில் நண்பர்களிடம் 'எனக்கும் ஒரு காதல் இருந்துச்சு' என்று தொடங்கினால் இந்தக் கதைதான். என் மனைவிக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் பேச்சை மாற்றினேன்.

பதில் 2015-ல் கிடைத்தது. தாப்பாவில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி என்னைப் பார்த்து, பெயர் சொல்லி, "நீங்கதானே?" என்றார். 36 ஆண்டு. பேரப்பிள்ளை கையில். உட்கார்ந்து பேசினோம். சிரித்த முகம்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"எஸ்.ஆர்.பி. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. ரேடியோல பேரு வந்தன்னிக்கு அப்பா பள்ளிக்கூடத்த நிறுத்திட்டாரு. நானும் சேர்ந்துதான் எழுதுனேன்னு நினைச்சிட்டாரு. இல்லன்னு எவ்வளவோ சொன்னேன். அம்மாகூட நம்பல. எனக்கு நர்ஸ் ஆவணும்னு ஆசை."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உங்கள பயமுறுத்தணும்னு நான் நினைச்சதே இல்லைங்க" என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். பேரனுக்கு அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்துக்கொண்டே, "இப்பகூட பின்னால சைக்கிள் மணி கேட்டா எனக்கு வயித்தக் கலக்கும்" என்றார்.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை இரவுதான், மருமகனிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும், "நான் அப்படி இல்ல மாமா. நான் அந்தப் பொண்ண மதிக்கிறேன்" என்றான்.

"நானும் மதிச்சேன்டா" என்றேன்.

அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த வீடியோ ஆளிடமே திரும்பப் போயிருப்பான். ஏனென்றால் அந்த ஆள் விற்பதில் ஒரு பாதி நியாயமானது. குளி, சுத்தமாக உடுத்து, குனிந்துகொண்டே பேசாதே, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேள். டேல் கார்னகி 1936-லேயே எழுதிவிட்ட விஷயங்கள். இதை அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இருந்திருந்தால் 399 வெள்ளி மிச்சம். தோட்டம் இருந்தவரை ஒரு பையனுக்கு முறைப்பெண்கள் இருந்தார்கள், கேலி பேசும் அத்தைகள் இருந்தார்கள், கோயில் வேலை செய்யும்போது ஆணும் பெண்ணும் நாலு வார்த்தை பேசினார்கள். இவனுக்குப் பொருத்தமாக அவளைப் பார்க்கலாமா என்று கிழவிகள் கணக்குப் போட்டார்கள். அதிலும் ஆயிரம் கோளாறு இருந்தது. சாதி பார்த்தார்கள், பெண்ணைக் கேட்காமலே முடித்தார்கள். ஆனால் ஒரு பையன் பெண்ணிடம் பேசாமலே 27 வயது ஆகவில்லை. எங்கள் தோட்டம் இப்போது செம்பனை. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. ஆளுக்கொரு தாமான், ஆளுக்கொரு ஷிஃப்ட். இரவு வேலை முடிந்து காலையில் வந்து தூங்கி எழுந்தால் அவனோடு பேச நான் ஒரு கிழவன், அப்புறம் கைப்பேசி. அந்த ஓட்டையில்தான் இந்த வியாபாரிகள் நுழைகிறார்கள்.

மறு பாதிதான் விஷம். பெண் 'வேண்டாம்' என்பதைச் சோதனை என்று சொல்லிக் கொடுப்பது. 2014-ல் ஜூலியன் பிளாங்க் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், ஜப்பானில் பெண்களின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கும் வீடியோ வெளியானபின், ஆஸ்திரேலியா அவர் விசாவை ரத்து செய்தது, பிரிட்டன் உள்ளே விட மறுத்தது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் கொஞ்சம்தான். ஆனால் பாதை அதே பாதை. அவன் பார்மசியில் தினமும் நின்றதும் நான் சைக்கிளில் போனதும் அதில் முதல் மைல்கல்.

நம் நாட்டுச் சட்டத்தையும் அவனுக்குக் காட்டினேன். 2023-ல் குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, அவர் வீட்டிலோ வேலையிடத்திலோ சுற்றி நிற்பது, பொருள் கொடுப்பது அல்லது அனுப்புவது, இவற்றால் அவருக்கு மனவேதனையோ பயமோ உண்டாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவன் படித்துக்கொண்டே போய், 'பொருள் கொடுப்பது' என்ற இடத்தில் நின்றான். பூங்கொத்து ஞாபகம் வந்திருக்கும். நான் 'பின்தொடர்வது' என்ற இடத்தில் ஏற்கனவே நின்றுவிட்டேன்.

"அப்ப மன்னிப்பாவது கேட்டுட்டு வரவா மாமா?" என்றான்.

"வேணாம். அதுக்கும் அந்தப் பொண்ணு வேலை செய்யிற இடத்துக்குத்தானே போவ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அப்படியென்றால் ஒரு பெண்ணிடம் எப்படித்தான் பேசுவது என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் வித்தை ஒன்றும் இல்லை. என் கல்யாணம் அம்மா பார்த்து வைத்தது. தொழிற்சாலையில் அவன் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு பேர் என்றான். அவர்கள் பெயர் தெரியுமா என்றேன். இரண்டு பேர் பெயர்தான் தெரிந்திருந்தது. "மத்த நாலு பேரு பேர முதல்ல தெரிஞ்சிக்க. கல்யாணம் பண்றதுக்கு இல்ல. பக்கத்துல வேலை செய்யிற மனுஷங்க, அதுக்கு" என்றேன். சிரித்தான். அந்த மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த மனிதரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை நான் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றேன். இனி அவன் அந்தப் பக்கம் வர மாட்டான் என்று சொன்னேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, காலைத் தேநீர்க் கடையில் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து, மகள் மறுபடி பகல் வேலைக்கு மாறிவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் மருமகனிடம் சொல்லவில்லை.

என் பிரஷர் மாத்திரையை அவன் இப்போது தாப்பாவில் வாங்கி வருகிறான். வேலைக்குப் போகிற வழிக்கு நேர் எதிர்த்திசை. கறுப்பு அட்டைப் புத்தகம் என் அலமாரியில், பழைய ராசிபலன்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மீதியையும் படித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன். சிவப்பு நாடா இன்னும் அதே பக்கத்தில்தான்.